செடி வார்டும் ஒரு கள்ளச் செம்பருத்தியும்

என் நாத்தனார் அரசு ஆஸ்பத்திரியின் தொற்றுநோய் வார்டில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த வார்டையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அப்போது எர்ணாவூரில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பழைய குடோனின் காலி மனையை வாடகைக்கு எடுத்து நான் நர்சரி நடத்திக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் முப்பது தொட்டியில் ஆரம்பித்தது. பிறகு நிழல்வலை, தண்ணீர்த் தொட்டி, வேலைக்கு இரண்டு பெண்கள் என்று பெருகிவிட்டது. என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. செடி விஷயத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அதிலும் சில நாள் தப்பு விடுவார்.

வியாபாரம் பெருகினால் நோயும் சேர்ந்து பெருகும் என்பதை ஒரு கோடையில் கற்றுக்கொண்டேன். வெளியிலிருந்து வாங்கிவந்த ரோஜாவில் சிவப்புச் சிலந்தி இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. நான் அந்த ரோஜாக்களை எங்கள் ரோஜாக்களோடு தோளோடு தோள் நிறுத்தி அழகு பார்த்தேன். இரண்டே வாரத்தில் பாதி ரோஜா மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் நாத்தனார் ஓய்வு பெற்று வந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி உதிர்ந்த இலைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“புது கேஸை எடுத்துட்டு வந்து நேரா ஜெனரல் வார்டுல படுக்க வெச்சிருக்கியே, உனக்கு யாரும்மா இடம் குடுத்தது?” என்றார்.

மறுநாளிலிருந்து செடிகளின் ஆரோக்கியம் முழுக்க அவர் பொறுப்பு. மனையின் மேற்குக் கோடியில், தண்டவாளத்துப் பக்கம், தனி வலை கட்டி ஒரு ‘வார்டு’ போட்டார். கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் என்பதால் அந்த இடம். “இங்க இருக்கற பூச்சி பறந்தாலும் ரயில் ஏறித்தான் போகும். நம்ம பக்கம் வராது” என்றார். வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும் இருபத்தோரு நாள் அங்கேதான் இருக்க வேண்டும். வந்த தேதி, வந்த இடம், இலையின் நிலை, வேரின் நிலை எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். செடிக்குப் படுக்கை எண் உண்டு. நர்சரிக்குள் நுழைகிறவர்கள் வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டில் காலை நனைத்துவிட்டு வர வேண்டும். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் முக்க வேண்டும். திங்களும் வியாழனும் ரவுண்ட்ஸ். கையில் ஒரு பூதக்கண்ணாடி, கழுத்தில் மட்டும்தான் ஸ்டெதஸ்கோப் இல்லை.

வாடிக்கையாளர்கள் வாடிய செடியோடு வந்தால் அண்ணி கேட்பது ஒரே கேள்வி வரிசைதான். “எத்தனை நாளா இப்படி? தண்ணி எடுத்துக்குதா? வீட்ல வேற யாருக்காவது இருக்கா?” ஒரு அம்மாள் பயந்துபோய், “எங்க வீட்டுக்காரருக்கு லேசா இருமல் இருக்கு” என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சிரித்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி வந்த பிறகு ஒரு பாத்திகூட மொத்தமாகப் போகவில்லை. எந்தச் செடியை எப்போது வெளியிலிருந்து வாங்குவது, எதை நாமே பதியன் போட்டு வளர்ப்பது, எந்த மாதம் எந்தப் பூச்சி வரும் என்று ஒரு காலண்டரே போட்டுவிட்டார். வடக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் இலைமேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். அதைக் கழுவுவதற்கும் ஒரு கிழமை குறித்துவிட்டார். திருவொற்றியூரில் புதிதாக எழுந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முந்நூறு செம்பருத்தி வேண்டும் என்று ஆர்டர் வந்தபோது நான் துணிந்து சரியென்றது அண்ணியை நம்பித்தான்.

அந்த முந்நூறு செம்பருத்தியும் தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்த நாளில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டுக்கு பால்கனித் தொட்டிகளைப் பார்த்துவரப் போயிருந்தேன். அந்த வீட்டம்மாள் பின்கட்டில் ஒரு செம்பருத்தி வைத்திருந்தார். ஊதா என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு நிறம். நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு. நான் பார்த்த பார்வையைக் கண்டு அந்த அம்மாளே இரக்கப்பட்டு, “ஒரு சின்னத் தொட்டி எக்ஸ்ட்ரா இருக்கு, எடுத்துக்கோங்க” என்று கொடுத்துவிட்டார். அதில் ஒரே ஒரு மொட்டு.

வார்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணி முதல் வேலையாக மொட்டைக் கிள்ளிவிடுவார். இலையையெல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவுவார். மண்ணை உதறி வேரைப் பார்ப்பார். இருபத்தோரு நாள் நான் வலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டும். அந்த மொட்டு விரிவதை நான் பார்த்தே ஆக வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது.

ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது எங்கள் மீன்காரம்மா வந்து சேர்ந்தார். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு, மிஞ்சிய குடலும் தலையும் செதிலும் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர். அதை வெல்லத்தோடு ஊறவைத்து மீன் அமிலம் தயாரித்துச் செடிகளுக்குத் தெளிப்போம். அவருடைய வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்காரம்மாவுக்கும் எனக்கும் பேச்சுத் தோழமை அதிகம்.

“இன்னாமே இது, செம்பருத்தியா? சாயம் போன சேல மாரி கீது” என்றார்.

“ரொம்ப அபூர்வம்க்கா. அண்ணி பாத்தா இருபத்தோரு நாள் உள்ள போட்டுருவாங்க.”

“போலீஸ் ஸ்டேஷன்லகூட அவ்ளோ நாள் வெச்சிக்கமாட்டானுங்க.” அவர் இடுப்பிலிருந்த அன்னக்கூடையை இறக்கினார். “குடு. உள்ள வெச்சி மேல சாக்கப் போட்டுக்கலாம். இந்த நாத்தத்துல எவ குனிஞ்சி பாக்கப் போறா?”

அண்ணி குனிந்து பார்க்கவில்லை. கால் நனைக்கும் தட்டில் எங்கள் இருவரின் காலையும்தான் பார்த்தார். குரோட்டன்ஸ் வரிசையில் இடுப்பளவு உயரத் தொட்டிகளுக்குப் பின்னால் என் செம்பருத்தியை ஒளித்து வைத்தேன். தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீரோடு அந்தப் பக்கம் போய் வருவேன். ஐந்தாம் நாள் மொட்டு விரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் அண்ணியின் குரல் கேட்டது.

“ஏம்மா, இங்க கொஞ்சம் வா.”

குரல் தணிவாக இருந்தால்தான் பயம். போனேன். அடுக்குமாடிக்குப் போகவேண்டிய செம்பருத்தியில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. மாவுப்பூச்சி. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. அந்தப் பாத்தி குரோட்டன்ஸ் வரிசைக்குப் பக்கத்துப் பாத்தி என்பது எனக்கு உடனே உறைத்தது. அன்றைக்கே ஓடிப்போய் என் கள்ளச் செடியைப் புரட்டிப் பார்த்தேன். இலைக்கடியில் பெரிய திருவிழாவே நடந்துகொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணி சார்ட் பேப்பரில் நர்சரியின் வரைபடம் போட்டார். பூச்சி பிடித்த தொட்டிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் குறித்தார். “யாரு முதல் கேஸ்? யாரு யாரைத் தொட்டாங்க? வார்டுல எதுக்கும் ஒண்ணுமில்ல. அப்போ வெளிலேர்ந்து நேரா உள்ள வந்திருக்கு” என்றார்.

“எறும்பா இருக்குமோ அண்ணி?”

“எறும்பு தூக்கும்தான். அந்தப் பூச்சி விடற தேனுக்காக ஆளு வெச்சுக் காப்பாத்தும். ஆனா எங்கேர்ந்து தூக்கிச்சு?”

“காத்துல வந்திருக்கலாம்.”

“காத்துல வந்தா கிழக்குப் பாத்திலல்ல முதல்ல வரணும்?”

“காக்கா…”

அண்ணி பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு எதிரே நின்றுகொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

“மீன் கூடை தெருத்தெருவா போயிட்டு வருதே அண்ணி. எத்தனை வீட்டு வாசல்ல இறக்கி வெக்கிறாங்களோ” என்றேன்.

மறுநாள் மீன்காரம்மாவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார் அண்ணி. மரியாதையாகத்தான் சொன்னார். பூச்சி அடங்கும் வரைக்கும் கூடையோடு உள்ளே வரவேண்டாம், கழிவை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்.

“எம் மேல பூச்சியா கீது?” என்று மீன்காரம்மா கேட்டார். பிறகு அண்ணியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் ஒரு தொட்டியில் இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து என் பாடு ஆரம்பமானது. அவர் உள்ளே வர முடியாததால் கழிவுக் கூடையை கேட்டிலிருந்து மீன் அமில டிரம் வரைக்கும் நான்தான் தூக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு தினமும் காலியாக இருந்தது. போதாததற்கு மீன்காரம்மா கேட்டில் நின்றபடியே, உள்ளே இருக்கும் அண்ணிக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்.

“நர்ஸம்மா, நம்ம கூடையில மீனு மட்டுமா வருது? செலப்போ மீனுக்கு எலகூட மொளச்சிடுது.”

நான் ஓடிப்போய், “அக்கா, மெதுவா” என்பேன்.

“இன்னா மெதுவா? தல நெறையப் பூவு வெச்சிகினா வாய் தானா மூடிக்கும்.”

இரண்டு முழம் முல்லை கொடுத்தேன். அடுத்த நாள் ரோஜா கேட்டார். அதற்கடுத்த நாள் வாசலில் வைக்க ஒரு துளசித் தொட்டி. நான்காம் நாள், “எம் பொண்ணுக்கு மணி பிளாண்ட்டுன்னா உசுரு” என்றார். ஒவ்வொன்றையும் அண்ணிக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அண்ணியும் அந்த நேரம் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார். என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

ஒருநாள் துணிந்தேன். அந்தச் செடியை வெளியே கொண்டுபோய்விட்டால் பாதிப் பாவம் தீரும் என்று, எல்லாரும் வருவதற்கு முன்னால் காலை ஆறு மணிக்கே நர்சரியைத் திறந்து குரோட்டன்ஸ் வரிசைக்குப் போனேன்.

செடியைக் காணோம். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரத் தடம் மட்டும் இருந்தது.

திருடு போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வராத செடி எப்படித் திருடு போகும்? வேலை செய்யும் பெண்கள் இருவரையும் ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தேன். ஒருத்தி, “இன்னாக்கா, மூஞ்சில எதுனா ஒட்டிகினு கீதா?” என்று கேட்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “எனக்குக் கால் வலி. வார்டு ரவுண்ட்ஸ் இன்னைக்கு நீயே பாத்து நோட்டுல எழுதிடு” என்றார்.

வலையைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே கடைசிப் படுக்கைக்கு வந்தேன். பதினாலாம் எண். சாம்பல் ஊதாச் செம்பருத்தி. பூவில்லை, மொட்டில்லை, நுனிகள் வெட்டப்பட்டிருந்தன. இலைக்காம்புகளை யாரோ பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். நோட்டைப் புரட்டினேன். அண்ணியின் குண்டுக் கையெழுத்து.

‘படுக்கை 14. பெயர் தெரியவில்லை. வந்த வழி: மீன் கூடை. உடன் வந்தவர்: தம்பி மனைவி. விசாரித்ததில் எறும்பு, காற்று, காக்கா என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார். நோயாளி நன்றாக ஒத்துழைக்கிறது. உடன் வந்தவர் ஒத்துழைக்கவில்லை.’

அதற்குக் கீழே மூன்று நாளைய சிகிச்சைக் குறிப்பு. அதற்கும் கீழே, ‘பார்வையாளர்: மீன்காரம்மா, தினமும்.’

பின்னாலிருந்து ஒரு பொங்கிவரும் சிரிப்புச் சத்தம். வலைக்கு வெளியே, தண்டவாளத்துப் பக்கச் சின்னக் கதவருகில் இரண்டு கவிழ்த்த தொட்டிகள்மேல் அண்ணியும் மீன்காரம்மாவும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டி வலிக்காரர் எனக்கு முன்னாலேயே சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். மீன்காரம்மாவுக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது.

“மூஞ்சியப் பாரு நர்ஸம்மா! வலையில மாட்டின நண்டு மாரி கீது!”

அண்ணி எறும்பைத்தான் பிடித்திருக்கிறார். “நீ சொன்னியேன்னுதான் எறும்பு வரிசை பின்னாடியே போனேன். நேரா உன் செல்லத்துக்கிட்ட கொண்டுபோய் விட்டுது” என்றார். கண்டுபிடித்தது மீன்காரம்மாவைக் கேட்டில் நிறுத்திய மறுநாளே. அன்றைக்கே அவர் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கூடையில் வந்த கதையை அப்போதுதான் மீன்காரம்மா சொல்லியிருக்கிறார். என்னைக் கொஞ்ச நாள் வேக வைக்கலாம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். நானாக வந்து சொல்கிறேனா என்று ஒரு வாரம் செடியை அங்கேயே விட்டுப் பார்த்திருக்கிறார். பூச்சி மேலும் பரவாமல் அதைச் சுற்றி எறும்புப் பொடி தூவிக் காவலும் வைத்திருக்கிறார். நான் வாய் திறக்கவே இல்லை என்றதும்தான் வார்டுக்கு மாற்றியிருக்கிறார். முல்லை, ரோஜா, துளசி, மணி பிளாண்ட் எல்லாம் அண்ணி தேர்ந்தெடுத்துக் கொடுத்த பட்டியல்.

சிரித்து முடித்ததும் அண்ணி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“செடி ஆசையில கொண்டு வந்துட்ட, அது போகட்டும். அவங்க மேல போட்டியே, அதுதான் எனக்கு ஆறல. எங்க வார்டுல ஒருத்தருக்குத் தொத்திக்கிச்சுன்னா, முதல்ல தரை துடைக்கற அம்மாவைத்தான் சந்தேகப்படுவாங்க. இருபத்தாறு வருஷம் அதைப் பாத்துப் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். கடைசில நானே இந்தம்மாவைக் கேட்ல நிக்க வெச்சிட்டேன்.”

மீன்காரம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். சிரித்ததில் வந்த கண்ணீரா என்று தெரியவில்லை. “நா வரேன், சோறு ஆக்கணும்” என்று போய்விட்டார்.

எனக்குத் தண்டனை உடனே ஆரம்பமானது. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளரை நானே கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் அண்ணி. போன் செய்து, செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்திருக்கிறது, என் கவனக்குறைவுதான், ஒரு மாதம் பொறுத்தால் சுத்தமான செடியாகத் தருகிறேன் என்றேன்.

“மாவுப்பூச்சியா? அந்த வெள்ளைச் சனியன்தானே? எங்க வீட்டுக் கறிவேப்பிலைல ஆறு மாசமா இருக்கு. அதுக்கு என்னம்மா பண்றீங்க?” என்றார் அவர்.

அரை மணி நேரம் வைத்தியம் சொன்னேன். ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது.

அந்த ஒரு மாதமும் சாயங்கால வெயில் தணிந்ததும் வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்த தண்ணீரை முதுகில் கட்டிக்கொண்டு செடி செடியாக அடித்தது நான்தான். முட்டை பொரிந்து புதிதாகப் பூச்சி வருவதால் வாரா வாரம் விடாமல் அடிக்க வேண்டும். மேலாக அடித்தால் போதாது, இலைக்கடியில் குனிந்து அடிக்க வேண்டும். மோசமாகப் பிடித்த நாற்பது செடிகளை மூட்டை கட்டி எரித்தோம். எரிக்கும்போது அண்ணி ஒவ்வொன்றின் எண்ணையும் நோட்டில் கோடு போட்டு அடித்தார். முந்நூறு கேட்ட இடத்துக்கு இருநூற்று அறுபதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு மாதம் கழித்து நாங்களே பதியன் போட்டுக் கொடுத்தோம். இப்போது அந்தக் குடியிருப்பில் மாதம் ஒருமுறை செடிகளைப் பார்க்கும் வேலையும் எங்களுக்குத்தான். அண்ணி போனால் ஆளாளுக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

வார்டில் மாட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் நான் போன இடத்தைத்தான் இன்னும் சொல்லவில்லை. கடலோரம் பாறைகள் கொட்டிய கரைக்கு எதிர்ச்சாரியில் மீன்காரம்மாவின் வீடு. வாசலில் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அக்கா, நான் பண்ணது தப்பு. உங்க மேல பழி போட்டுட்டு களை பிடுங்கிட்டு நின்னேன்.”

“களையே இல்லாத தொட்டியில” என்றார் அவர், மீனைத் திருப்பிப் போட்டபடி.

“ஆமா.”

“அன்னிக்கு ராவு பேஜாராயிட்ச்சி எனக்கு. நம்ம தோஸ்துன்னு நெனச்சோமே, இவளே இப்டிச் சொல்றாளேன்னு. அப்பால நர்ஸம்மா வந்து கையப் புட்ச்சிகினாங்க. சரின்னு வுட்டேன். ஒன்ன வுடல.”

“இப்பவாவது விடுங்கக்கா.”

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்த பாத்திரத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார். அதில் இரண்டு கிலோ காரப்பொடி மீன் இருக்கும். ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை.

“இத மொத்தம் ஆஞ்சி குடு. அப்பால பாக்கலாம்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு மீன் ஆயத் தெரியாது. முதல் மீனின் தலையோடு பாதி உடம்பும் போய்விட்டது. அவர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, உள்ளே பார்த்து, “ஏ, இன்னொரு டம்ளர் டீ போடு” என்று மகளுக்குக் குரல் கொடுத்தார்.